ஹாஃப் என்ஜினா, ஃபுல் என்ஜினா? தண்ணீரில் நின்ற ஓர் ஆர்எக்ஸ் 100

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நின்றிருந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், மூன்று நாள் டேங்க் மட்டத்துக்குத் தண்ணீரில் கிடந்தது. கொடுங்கையூரில் எங்கள் தெரு கொஞ்சம் தாழ்வு. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பினால் முதலில் எங்களைத்தான் விசாரிக்க வரும். ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றினோம், அரிசி டிரம்மை மாடிக்குத் தூக்கினோம், வண்டியை யாரும் நினைக்கவில்லை. அப்பா 1993ல் வாங்கியது. அவர் ஓட்டுவதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. நான் மாதத்துக்கு ஒருமுறை கிக் அடித்து மூலக்கடை வரை போய்வருவதோடு சரி.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் வேலையே தப்பு. கிக்கரை மிதித்தேன். ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஆறு மாதம் கழித்து, சரி பண்ணியே தீருவது என்று இறங்கியபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். என்ஜினின் மேல் பாதியை மட்டும் பிரித்துச் செய்வது ஹாஃப், முழுதும் பிரிப்பது ஃபுல். தெரு மெக்கானிக், "ஹாஃப் என்ஜின் போதும்ணே, 4,500 ஆகும்" என்றார். வியாசர்பாடியில் பழைய யமஹா மட்டுமே தொடும் ஒரு பெரியவர், "ஃபுல் என்ஜின், 13,000, ஒரு மாசம்" என்று சொல்லிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். மச்சான் புதுப்பேட்டையில் முழு என்ஜினே கிடைக்கும் என்று 18,000க்குப் பேசியும் வைத்துவிட்டான். அவனுடைய நண்பன், ஆர்எக்ஸ் 135ன் பிளாக்கை (சிலிண்டர்) போட்டால் பறக்கும் என்றான். ஒரு ரெஸ்டோரேஷன் கடையில் என்ஜின் மட்டும் தனியாகச் செய்யமாட்டார்களாம், முழு வண்டியாக 1,25,000 கேட்டார்கள். இதற்கு நடுவில், ஓடாத வண்டியை அப்படியே 40,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

இதே நிலையில் வண்டி வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்காக இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985 முதல் 1996 வரை தயாரித்த வண்டி இது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. 7,500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோ சொச்சம்தான் என்பதால் அந்தப் 11 குதிரையும் வண்டியை அள்ளிக்கொண்டு போகும். அப்போது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பைக் ரேஸ் நடக்கும். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைக்கு ட்ராக் போகும்வரை அதுதான். எங்கள் மூலக்கடையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் நேராகப் போனால் சோழவரம். ரேஸ் பார்க்கப் போன பையன்கள் திரும்பும் வழியெல்லாம் இன்னொரு ரேஸ் ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்று அப்பா சொல்வார். பின்னாளில் அவரே அந்த வண்டியை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், ஒத்துக்கொள்ளமாட்டார்.

7,500 ஆர்.பி.எம். என்றால் ஒரு நொடிக்கு 125 சுற்று. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அத்தனை அடியையும் தாங்குவது சுழலும் தண்டான கிராங்கோடு பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருக்கும் பிக் எண்ட் நீடில் பேரிங் (ஊசி போன்ற உருளைகள் கொண்டது). நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஆயிலில் குளித்துக்கொண்டே ஓடும். இதில் குளியல் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து வரும் டூ-டி ஆயிலின் ஈரம் மட்டும்தான். அதனால் தண்ணீர் உள்ளே போனால் முதலில் துருப்பிடிப்பது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிராங்க் பேரிங்குகள்தான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? பிஸ்டன் கீழே நின்றால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும். சைலன்சர் வழியாக வந்த தண்ணீர் நேராக சிலிண்டருக்குள், அங்கிருந்து கிராங்க் கேஸுக்குள். ஏர் ஃபில்டர் வழியாகவும் வரும். எங்கள் கால்வாய்த் தண்ணீரில் சேறும் உண்டு. அந்த நிலையில் கிக்கரை மிதித்தால், சேற்றைப் பேரிங்குக்குள் நாமே அரைத்து ஊற்றியது மாதிரி. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடியவிட்டு, டீசலோ டூ-டி ஆயிலோ தாராளமாக ஊற்றி, கையால் மெதுவாகச் சுற்றிவைத்திருந்தால் பாதி செலவு மிச்சமாகியிருக்கும். நான் இருபது முறை மிதித்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை என்று திட்டிவிட்டு ஆறு மாதம் மூடியும் வைத்தேன்.

ஹாஃப் என்ஜின்

ஹெட், பிளாக் இரண்டையும் கழற்றி, போர் போட்டு (சிலிண்டரை உள்ளே கடைந்து), பிஸ்டன், ரிங், பின், சின்ன எண்ட் பேரிங் மாற்றுவதைத்தான் ஹாஃப் என்ஜின் என்கிறோம். என்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்க வேண்டியதே இல்லை. காலையில் விட்டால் மறுநாள் சாயங்காலம் வண்டி கைக்கு வந்துவிடும்.

இதை மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். தினமும் ஓடிக்கொண்டிருந்த வண்டி, பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைகிறது, கிக்கரில் எதிர்ப்பு இல்லை, கீழே சத்தம் எதுவும் கிடையாது என்றால் இதுவே போதும். அதற்கு மேல் செய்யச் சொல்பவர் உங்கள் பர்ஸைப் பார்த்துப் பேசுகிறார்.

போதுமா போதாதா என்பதை, பிளாக்கைக் கழற்றியதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். கனெக்டிங் ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். இம்மிகூட ஆடக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பயமில்லை, அதற்கு இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அப்புறம் கிராங்க் முனையில் இருக்கும் மேக்னட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும், அசைந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. கடைசியாகக் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். என்னுடையது ஆடவில்லை. ஆனால் சுற்றும்போது, சரியாகக் களையாத கீரையைக் கடித்த மாதிரி நறநறவென்றது. தெரு மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு, "ஆயில் விட்டா சரியாய்டும்ணே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு ஹாஃப் என்ஜின் யோசனையை விட்டுவிட்டேன்.

நறநறக்கும் கிராங்க் மேல் புது பிஸ்டன் போட்டால் நடப்பது இதுதான்: புது ரிங் வந்ததும் கம்ப்ரஷன் ஏறும், அடி பலமாகும், ஏற்கெனவே துருவால் அரிபட்ட பேரிங் சீக்கிரம் உடையும். உடைந்த ஊசிகள் மேலே ஏறிப் புது பிஸ்டனையும் புது போரையும் கிழிக்கும். 4,500 ரூபாய் வேலை ஆறு மாதத்தில் 20,000 ஆகிவிடும்.

ஃபுல் என்ஜின்

இதில் என்ஜினை இறக்கி, கேஸை இரண்டாகப் பிரித்து, கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். இங்கேயும் இரண்டு பாதை உண்டு. பழைய கிராங்கிலேயே புது ராடு கிட் போடலாம், இல்லையென்றால் முழுதாகக் கோத்து வரும் புது கிராங்கை வாங்கிப் போடலாம்.

புது கிராங்க் கேட்க நன்றாக இருக்கும். டப்பாவைப் பிரித்தோமா, போட்டோமா என்று வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த வண்டியின் தயாரிப்பு நின்றே முப்பது வருடம் ஆகப்போகிறது. கம்பெனியே செய்த கிராங்க் புதிதாகக் கையில் கிடைப்பது அதிர்ஷ்டம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு யாரோ செய்தவை, அச்சு மட்டும் கம்பெனி டப்பா மாதிரி இருக்கும். நான் ஒன்றை வாங்கி வந்து கோணலை அளக்கும் டயல் கேஜில் வைத்துப் பார்த்தேன். முள் 0.10 மி.மீ.க்கு மேல் ஆடியது. 0.03க்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ராடு கிட் போடுவதற்கு ஆள் வேண்டும். இந்தக் கிராங்க் ஒரே துண்டு கிடையாது. இரண்டு சக்கரங்களை ஒரு பின் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தப் பின்னை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி வெளியே எடுத்து, புது ராடு, புது பின், புது பேரிங் வைத்து மறுபடி அழுத்த வேண்டும். அழுத்துவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பிறகு இரண்டு சக்கரத்தையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவதில்தான் கை தெரியும். புளியந்தோப்பில் ஒரு சின்ன லேத் பட்டறை. உள்ளே போனதும் அங்கிருந்த பெரியவர் கிராங்கை வாங்கி, ஒரு தடவை சுற்றிக் காதருகே வைத்தார்.

"இன்னாபா, தண்ணில நின்ன வண்டியா?"

"ஆமாண்ணே."

"கிக் அடிச்சியா?"

பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

கிராங்கை இரண்டு சென்டருக்கு நடுவே மாட்டி, டயல் வைத்து, செம்புச் சுத்தியால் ஒரு தட்டு, சுற்றிப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. நாற்பது நிமிடம் ஆனது. முடிவில் முள் 0.02ல் நின்றது. முப்பது வருடத்துக்கு முந்தைய கிராங்க் சக்கரங்களின் இரும்பு, நான் வாங்கித் திருப்பிக் கொடுத்த புதியதை விட நல்ல இரும்பு என்பது அவர் தீர்ப்பு. நானும் அதைத்தான் நம்புகிறேன். கம்பெனிச் சக்கரம் இருக்கிறது, பின் துளை தேயவில்லை, அருகில் நல்ல கை இருக்கிறது என்றால் ராடு கிட்தான். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் மட்டும் புது கிராங்க்.

மெயின் பேரிங் வாங்கப் போகும்போது பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பக்கத்தில் பொறித்திருக்கும் எண் மட்டும் பொருந்தினால் போதாது, அதற்குப் பின்னால் வரும் சி3, சி4 போன்ற எழுத்தும் பொருந்த வேண்டும். பேரிங்குக்கு உள்ளே எவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்வது அதுதான். சூடேறி விரியும் என்ஜினுக்கு இடைவெளி குறைந்த பேரிங் போட்டால் இறுகிவிடும். பாரிமுனையில் ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். அடுத்த கடைக்குப் போனேன்.

பேரிங்கைக் கேஸில் சுத்தியால் அடித்து இறக்குகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால் அது தானாக உள்ளே விழும். முந்தின நாள் காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரிங்கை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். வீட்டில் அதைப் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை.

இப்போது ஆயில் சீல். ஃபுல் என்ஜினில் விலை குறைந்த பாகம் இதுதான், மெக்கானிக்குகள் அதிகம் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கேஸுக்குள் இழுக்கப்படும், கீழே வரும்போது அது அழுத்தப்பட்டு சிலிண்டருக்கு ஏறும். கிராங்கின் இரண்டு பக்கத்து சீலும் இறுக்கமாக இருந்தால்தான் பம்ப் வேலை செய்யும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபட்டு வெள்ளைப் புகை கக்கும், அதாவது தெரிந்துவிடும். மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. அங்கிருந்து வெறும் காற்று உள்ளே வரும், பெட்ரோல் விகிதம் குறையும், பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும், ஒருநாள் வேகத்தில் போகும்போது ஜாம் ஆகும். "போன வருஷம்தான் போர் போட்டேன், மறுபடி பிஸ்டன் பிடிச்சிருச்சு" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனை பேர் சீலை மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சீல் நன்றாக உட்கார்ந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு. எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் பழைய ட்யூப் ரப்பரால் இறுக மூடி, அதில் ஒரு குழாய் வழியாகக் காற்றை ஏற்றிச் சில நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. 6 பி.எஸ்.ஐ. போதும். அப்பாவுக்கு வாங்கிய பழைய பி.பி. மெஷின் வீட்டில் கிடந்தது. அதன் பல்பையும் மீட்டரையும் மாட்டி 300 வரை ஏற்றினேன், அது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. முதல் தடவை முள் மளமளவென்று இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவியதும் பிளாக் அடியில் இருக்கும் பேக்கிங்கில் குமிழி வந்தது. மாற்றினேன். இரண்டாம் தடவை ஆறு நிமிடம் அசையவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கே இவ்வளவு நேரம் நிக்கல" என்றார்.

பிளாக்

ஹாஃப் செய்தாலும் ஃபுல் செய்தாலும் பிளாக் கேள்வி ஒன்றேதான். பழைய பிளாக்கை அடுத்த சைஸுக்குப் போர் போடுவதா, ஸ்லீவ் (உள்ளே இருக்கும் இரும்புக் குழல்) மாற்றுவதா, புது பிளாக் பிஸ்டன் செட் வாங்குவதா?

புது செட்டை முதலில் தள்ளிவிடலாம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினின் குணமே சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டுகளின் உயரமும் அகலமும் வடிவமும்தான். நாலு ஸ்ட்ரோக்கில் வால்வும் கேமும் செய்யும் வேலையை இங்கே அந்த ஓட்டைகள் செய்கின்றன. நான் கையில் எடுத்துப் பார்த்த இரண்டு செட்டிலும் போர்ட் உள்வாய் வார்ப்பிலேயே கோணலாக இருந்தது, ஒன்றில் போர்ட் கேஸ் வாயோடு சேராமல் படியே விழுந்தது. வண்டி ஓடும். ஆனால் அது ஆர்எக்ஸ் மாதிரி ஓடாது. பழைய பிளாக் விரிசல் விட்டிருந்தால், அதைக் குளிர்விக்கும் துடுப்புகள் உடைந்திருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

போர் போடுவதற்குக் கணக்கு இருக்கிறது. பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நாலு ஓவர்சைஸில் வரும். அதாவது 50 மி.மீ.யில் தொடங்கிய போர் 51 வரை போகலாம். நாலு உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்பே அப்பா இரண்டைச் செலவழித்துவிட்டார். பிஸ்டன் தலையில் 0.50 என்று பொறித்திருந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் துருவால் அரித்த குழிகள். 0.75ல் அவை முழுக்கப் போகுமா என்பது பட்டறைக்காரர் ஒரு சுற்றுக் கடைந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. போய்விட்டன. போகாதிருந்தால் நேராக 1.00, அதற்கு மேல் ஸ்லீவ்.

இந்த இடத்தில் சிலர், "எப்படியும் கடையப் போறோம், நேரா 1.00 போட்டா சி.சி.யும் ஏறும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 98 சி.சி. 102 ஆகும். அந்த நாலு சி.சி.க்காக ஒரு உயிரை வீணாக்க வேண்டுமா?

இரண்டு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். ஒன்று, பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் போர் போடச் சொல்ல வேண்டும். டப்பா மேல் 50.75 என்று எழுதியிருப்பதை நம்பிக் கடையக் கூடாது. பிஸ்டனை அதன் கீழ்ப்பகுதியில் அளந்து, அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் நாலு பங்கு வாக்கில் இடைவெளி விட்டுக் கடைய வேண்டும். அலுமினிய பிஸ்டன், இரும்பு ஸ்லீவைப் போல இரண்டு மடங்கு விரியும். இறுக்கமாகக் கடைந்தால் சூட்டில் பிடிக்கும், தளர்வாகக் கடைந்தால் காலையில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்கும்.

இரண்டு, கடைந்த பிறகு ஒவ்வொரு போர்ட் விளிம்பையும் லேசாக மழுக்க வேண்டும். கடைந்ததும் அந்த விளிம்புகள் பிளேடு மாதிரி நிற்கும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் ஏறி இறங்குகிறது. மழுக்காவிட்டால் ஒருநாள் ரிங் அதில் மாட்டி உடையும். நாலு ஸ்ட்ரோக் பிளாக்குகளையே கடைந்து பழகிய பட்டறைகளில் இந்த வேலை விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு சிலிண்டரில் ஓட்டையே கிடையாதே. பட்டறையில் இருக்கும்போதே விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கீறினால் திருப்பிக் கொடுங்கள்.

ஸ்லீவ் மாற்றுவது கடைசி மருந்து. பிளாக்கைச் சூடாக்கிப் பழையதை எடுத்து, புதியதை இறக்கி, போர்ட்டுகளை மறுபடி வெட்ட வேண்டும். ஸ்லீவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் சூடு துடுப்புகளுக்குப் போகாது. காற்றால் மட்டும் குளிரும் என்ஜினில் அது பெரிய குறை. நன்றாகச் செய்பவர் கையில் கிடைத்தால் இருபது வருடத்துக்குக் கவலை இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மற்ற வழிகள்

புதுப்பேட்டை என்ஜினை மச்சான் முகத்துக்காகப் போய்ப் பார்த்தேன். கிக் அடித்தால் சுற்றியது, அவ்வளவுதான். உள்ளே எந்த சைஸ் பிஸ்டன், சீல் எப்போது மாற்றியது, எதுவும் தெரியாது. எப்படியும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், அப்படியென்றால் 18,000க்கு மேல் இன்னொரு 13,000. அதைவிடப் பெரிய சிக்கல் கேஸில் பொறித்திருக்கும் என்ஜின் எண். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு அது பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போய்த்தான் ஆக வேண்டும், அங்கே எண்ணைப் பார்ப்பார்கள். அந்த என்ஜின் எந்த வண்டியில் இருந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. உங்கள் கேஸே உடைந்துபோயிருந்தால் வேறு வழியில்லை, அப்போதும் பழைய ஆர்.சி. நகலோடும் ரசீதோடும் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

135 பிளாக். அதன் ஸ்ட்ரோக்கும் 50தான், போர் 58. அதனால் சுலபமாகப் பொருந்திவிடும் என்று நினைக்கிறார்கள். கேஸ் வாயைக் கடைந்து அகலமாக்க வேண்டும், அதோடு உங்கள் ஒரிஜினல் கேஸ் கதை முடிந்தது. ஆர்.சி.யில் 98 சி.சி., ரோட்டில் 132. இருபது வயதில் நானும் செய்திருப்பேன்.

ரெஸ்டோரேஷன் கடையை நான் குறை சொல்லமாட்டேன். பெயின்ட், குரோம், ஸ்போக் என்று அவர்கள் செய்வது கண்ணைப் பறிக்கிறது. ஆனால் என்ஜின் வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்டபோது, "வெளியே கொடுத்து வாங்குவோம்" என்றார்கள். எங்கே என்று கேட்டேன். புளியந்தோப்பு என்றார்கள். நேரம் இல்லாதவர், வெளியூரில் இருப்பவர், வண்டியைக் கண்காட்சிக்கு வைப்பவர் அங்கே போகலாம். எனக்குப் புளியந்தோப்பு பத்து நிமிடம்.

விற்பது. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் 40,000ஐ வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம், இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அப்பாவிடம் கேட்டேன். டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

கடைசியில் செய்தது

ராடு கிட், மெயின் பேரிங், எல்லா சீலும், 0.75 பிஸ்டன். 13,000 என்று தொடங்கியது 16,200ல் முடிந்தது. கியர் பாக்ஸ் ஆயில் பால் டீ நிறத்தில் வெளியே வந்ததால் அங்கேயும் இரண்டு பேரிங் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு மாசம் என்றது பத்து வாரம். வியாசர்பாடிப் பெரியவரின் தவறு இல்லை, பாதி நாள் நான் பாகம் தேடிக்கொண்டிருந்தேன். ஃபுல் என்ஜின் என்று இறங்குகிறவர்கள் சொன்ன தொகைக்கு மேல் கால் பங்கு கையில் வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் நிச்சயமாக.

பிஸ்டன் மாட்டும்போது தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும், பின் கிளிப் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பழைய கிளிப்பை நேராக்கிப் போட்டு, அது கழன்று புது போரைக் கோடுகோடாகக் கீறியதை அடுத்த தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய்ச் சாமான்.

இன்றைய பெட்ரோலுக்கும் ஒரு சின்ன ஏற்பாடு தேவைப்பட்டது. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) கலவை கொஞ்சம் மெலிந்துபோகும், அதாவது சூடு ஏறும். அதனால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினோம். பெட்ரோல் ட்யூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றினோம், பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கை வடித்துவிட வேண்டும், எத்தனால் ஈரத்தை இழுக்கும், எங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். டூ-டி ஆயிலைத் தானாகக் கலக்கும் பம்பைப் பிடுங்கிவிட்டு டேங்கில் கலந்து ஓட்டச் சொன்னார்கள் சிலர். பம்ப் சரியாக வேலை செய்தது, வைத்துக்கொண்டேன். முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. கூடுதலாக ஊற்றினேன். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கொசு வண்டி வந்துவிட்டதென்று ஜன்னலைச் சாத்தினார்.

இப்போது 340 கி.மீ. ஓடியிருக்கிறது. 500 வரை பாதி த்ராட்டிலுக்கு மேல் திருகக் கூடாது, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்கவும் கூடாது என்று பெரியவர் உத்தரவு. எண்ணூர் ஹை ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் என்னை ஓவர்டேக் பண்ணிக்கொண்டு போகின்றன. நேற்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், வறுத்த காபிக்கொட்டை நிறம். மகனிடம் காட்டினேன். "அது நல்லதா கெட்டதாப்பா?" என்று கேட்டான். நல்லதுதான் என்றேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு ரவுண்டு என்றான். இன்னும் 160 கி.மீ. இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.